“எனக்கு இனி என்னத்துக்கு மனே படிப்பு?”: ஊரில் மூத்தோர் வகுப்பு தொடங்குகிறவர்களுக்கு

மண்டபம் கிடைத்தாயிற்று, கதிரை அடுக்கியாயிற்று, வாசலில் பதாகையும் கட்டியாயிற்று. வந்திருப்பவர்கள் நாலு பேர். அதிலும் இரண்டு பேர் நிவாரணம் ஏதோ கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கென்று ஒரு கற்றல் வகுப்பைத் தொடங்குகிற பலருக்கு முதல் நாள் இப்படித்தான் அமைகிறது. வயதானவர்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டிவிட்டு, அடுத்த மாதமே கதிரைகளைத் திருப்பிக் கொடுத்து விடுகிறார்கள்.

ஆர்வம் இருக்கிறது. ஆனால் ‘கல்வி’ என்ற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு ஆச்சி வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டா. எந்த வேலைக்கு அவ இன்னொருவர் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாவோ, அந்த வேலையைத் தானே செய்யலாம் என்று தெரிந்தால் வெளிக்கிடுவா. இடம், நேரம், பாடம், அழைக்கும் விதம் எல்லாம் அந்த வேலையிலிருந்துதான் பிறக்க வேண்டும். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் யாரைப் பார்ப்பது

கிராம உத்தியோகத்தரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அப்புறம் பிரதேச செயலகம். மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள், அம்பாறையில் 20. முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் எங்கே இருப்பார் என்று சமூக சேவைப் பக்கம் கேட்டால் காட்டுவார்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னர்தான் அறுபது வயதானவர்களுக்கான சங்கங்களும் முதியோர் அடையாள அட்டையும் ஊர்மட்டத்துக்கு வந்தன. உங்கள் ஊரில் முதியோர் சங்கம் ஏற்கனவே இருக்கலாம். இருந்தால் புதிதாக ஒன்றைத் தொடங்காமல் அதோடு சேருங்கள். எழுத்தறிவு வகுப்பு நடத்த நினைத்தால் வலயக் கல்வி அலுவலகத்தின் முறைசாராக் கல்விப் பிரிவையும் பார்த்துவிடுங்கள். ஆசிரியரோ பாடப் பொருளோ அங்கிருந்து கிடைக்க வாய்ப்புண்டு.

ஒரு எச்சரிக்கை. சங்கத்துக்கு ஒழுங்காக வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தவர்கள். உங்கள் வகுப்பு யாருக்கு மிகவும் தேவையோ, அவருடைய பெயர் அந்தப் பதிவேட்டில் இராது. கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர், பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்கார், குடும்பநல உத்தியோகத்தர், மூலைக்கடைக்காரர் ஆகியோருக்குத்தான் அவரைத் தெரியும். கடைக்காரரை மறந்துவிடாதீர்கள். யார் வீட்டு ஆச்சி ரீலோட் அட்டையைக் கொண்டுவந்து “இதைக் கொஞ்சம் போட்டுத் தாங்க” என்று நிற்கிறா என்பது அவருக்கு அத்துபடி.

எந்த வேலைக்கு அடுத்தவர் கை வேண்டும் என்று கண்டுபிடியுங்கள்

“நீங்கள் எத்தனையாம் வகுப்பு வரை படித்தீர்கள்?” என்று ஒருபோதும் தொடங்காதீர்கள். இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. ஆனாலும் இன்று எழுபதில் இருக்கும் பெண்களில் பலர் பெரியபிள்ளையானதோடு பள்ளியை விட்டவர்கள். தம்பி தங்கையைப் பார்க்கவும், வேளாண்மைக் காலத்தில் வயல் வட்டைக்குச் சோறு கொண்டுபோகவும் வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. 1978 நவம்பர் சூறாவளியோடு படிப்பு நின்றுபோனவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கதைகளை அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிளற வேண்டாம்.

வேறு விதமாகக் கேளுங்கள். “போன கிழமை எந்த வேலைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போனீங்க?” “எந்தக் கடுதாசியை வேறு ஆள் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது?” பதில்கள் ஊருக்கு ஊர் மாறும் என்றாலும் சில திரும்பத் திரும்ப வரும். மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகளோடு வாட்ஸ்அப்பில் பேசுவது. வங்கியில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடுவது. கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி என்ன என்று பார்ப்பது. பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் துண்டை வாசிப்பது. பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிப்பது.

முதலில் சொன்னது நம் பகுதியில் பெரிய விஷயம். தாய் வெளிநாட்டில் இருக்க, பேரப்பிள்ளைகளை வளர்ப்பது அம்மம்மாதான். பணம் வந்ததா, பிள்ளைக்குக் காய்ச்சலா, எல்லாம் அந்தச் சின்னத் திரையில்தான் பேசியாக வேண்டும். அந்தத் திரையைத் திறக்க பன்னிரண்டு வயதுப் பேரன் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அவன் கூடவே நிற்பதால் மகளிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் சொல்லவும் முடியாது. இப்படிப்பட்ட ஒருவரிடம் ‘எண்ணிம எழுத்தறிவு’ என்று பேசிப் பயனில்லை. “நீங்களாகவே மகளுக்குக் கோல் எடுக்கலாம், வாறீங்களா?” என்று கேட்டால் போதும்.

அனுமதி வீட்டில்தான்

இங்கே வீடு மகளுக்குச் சீதனமாகப் போவது வழக்கம். வயதான தாய் தகப்பன் அனேகமாக மகள் வீட்டில், அல்லது அதே வளவில் இருப்பார்கள். ஆகவே ஆச்சியைக் கேட்பதற்கு முன் மகளைக் கேளுங்கள். அந்த இரண்டு மணித்தியாலம் குழந்தையை யார் பார்ப்பது, உலையை யார் வைப்பது என்பதுதான் மகளின் தயக்கமாக இருக்கும். “சின்னவனையும் கூட்டிக்கொண்டு வரட்டும், ஒரு மூலையில் பாயும் நிறந்தீட்டக் கொப்பியும் வைத்திருக்கிறோம்” என்று சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். நிஜமாகவே பாய் விரித்து வையுங்கள்.

நேரமும் இடமும்

இதில் கவனமாக இருக்க வேண்டும். நல்ல பாடத்தையும் பிழையான நேரம் கெடுத்துவிடும்.

பெண்களுக்கு வசதியான நேரம் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை. பிள்ளைகள் ஏழரைக்குப் பள்ளிக்குள் போயிருப்பார்கள். ஒன்றரைக்கு அவர்களைக் கூட்டி வருவதற்கு முன் சமையலும் முடிய வேண்டும். ஊரின் கிளினிக் நாளில் வைக்காதீர்கள். அதிகாலையிலேயே இலக்கம் எடுக்கப் போனவர் நண்பகலில்தான் திரும்புவார். கோயிலுக்குப் போகும் செவ்வாய், வெள்ளியும் வேண்டாம். முஸ்லிம் ஊர்களில் வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள், நோன்பு மாதத்தில் வகுப்பை நிறுத்திவையுங்கள். கல்முனை, சாய்ந்தமருது, ஏறாவூர், காத்தான்குடி போன்ற இடங்களில் பெண்களுக்குத் தனியாக, பெண் ஆசிரியரோடு நடத்தினால் வரவு கூடும். இதில் வாதாட ஒன்றுமில்லை. அவர்களுக்கு எது வசதியோ அதுதான் சரி.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் மாலை வகுப்பு வைக்கவே வேண்டாம். வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கம் பொழுதுபட்டால் யானைப் பயம். இருட்டுவதற்கு முன் வீடு சேராத வகுப்புக்கு எந்தப் பிள்ளையும் தாயை அனுப்பாது. வாவியைக் கடக்க வேண்டிய இடத்திலும் வைக்காதீர்கள். குருமண்வெளியில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி மண்டூருக்குப் போவது நமக்கு நல்ல பயணம், முழங்கால் வலிக்காரருக்கு அப்படியல்ல.

இடத்தைத் தேர்வு செய்யும்போது மண்டபத்தின் அழகைப் பார்க்காமல் நாலு விஷயத்தைப் பாருங்கள். வாசற்படி எத்தனை, மலசலகூடம் எவ்வளவு கிட்ட, தரையில் உட்காராமல் இருக்கக் கதிரை உண்டா, காற்று வருமா. மே மாதத்துக்குப் பிறகு கச்சான் என்கிற வறண்ட காற்று வீசத் தொடங்கினால் தகரக் கூரை மண்டபத்தில் யாரும் இருக்க முடியாது. ஒரு பெரிய வேம்போ மாமரமோ உள்ள வளவு அதைவிடப் பலமடங்கு நல்லது. பாடசாலை வகுப்பறை கிடைத்தால் யோசித்துப் பாருங்கள். சின்ன வாங்கில் பேரப்பிள்ளை வயதில் எழுதிய எழுத்துகளுக்கு நடுவே உட்கார்வது சிலருக்குச் சந்தோஷம், சிலருக்குக் கூச்சம்.

அழைப்பது

அறிவித்தல் ஒட்டுவதில் பயன் குறைவு. வாசிக்கத் தெரியாதவரை எழுத்தால் அழைக்க முடியாது அல்லவா. கோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு தரம் சொல்லலாம். அது ஊருக்குத் தெரியப்படுத்த மட்டும்தான். ஆளைக் கொண்டுவருவது ஆள்தான்.

வீட்டுக்குப் போங்கள். அவருக்குத் தெரிந்த, அவரைவிடக் கொஞ்சம் வயது குறைந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் நின்று பேசிவிட்டு வராமல் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். உறவுமுறை சொல்லிக் கூப்பிடுங்கள். பெரியம்மா, மாமி, அம்மப்பா என்றோ, முஸ்லிம் வீடென்றால் மூத்தம்மா, காக்கா என்றோ ஊரில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படி. ‘பயனாளி’ என்ற சொல் உங்கள் அறிக்கையில் இருக்கட்டும், வாயில் வர வேண்டாம்.

மறுப்பு வரும். “எனக்கு இனி என்னத்துக்கு மனே படிப்பு? கண்ணும் தெரியாது, காதும் கேளாது, காலும் நடக்காது.” இதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், மூன்று தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், காதுக்கு முன்வரிசை வேண்டும், காலுக்கு ஓட்டோ வேண்டும். “அடுத்த புதன் பத்மாவும் வாறா, ஒன்பது மணிக்கு ஓட்டோ உங்கட வாசலில நிற்கும்” என்பது போன்ற பதில்தான் எடுபடும். தனியாக வரச்சொன்னால் வரமாட்டார், சோடியாக வருவார். அதனால் எப்போதும் இருவராகவே அழையுங்கள்.

“என்ன தருவீங்க?” என்றும் கேட்பார்கள். கோபப்படாதீர்கள். போர், சுனாமி, வெள்ளம் என்று எத்தனையோ தடவை பெயர் எழுதிக்கொண்டு போனவர்களைப் பார்த்த ஊர் இது. தேத்தண்ணி தருவோம், வேறு ஒன்றும் இல்லை என்று நேரே சொல்லுங்கள். முதல் நாளே அடையாள அட்டை இலக்கம், வருமானம் எல்லாம் கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டாம். அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப் பணம் வெட்டுப்படப்போகிறது என்று அன்று பின்னேரமே ஊரெல்லாம் கதை பரவிவிடும். பெயரும், அவசரத்துக்கு வீட்டில் ஒருவரின் தொலைபேசி இலக்கமும் போதும்.

முதல் நாள்

திறப்பு விழா வேண்டாம் என்பது என் கருத்து. பிரதம அதிதி பிந்தி வருவார், உரை நீளும், பொன்னாடை போர்த்துவதற்குள் பத்தரை மணியாகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. மங்கல விளக்கேற்றும் இடத்தில் விதவைகள் தாங்களாகவே பின்னால் ஒதுங்கி நிற்பார்கள். வகுப்புக்கு வருபவர்களில் பலர் விதவைகளாகவே இருப்பார்கள் என்றால், முதல் நாளே அவர்களைப் பின்வரிசைக்கு அனுப்பும் சடங்கு எதற்கு? விளக்கு ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் அவர்களையே ஏற்றச் சொல்லுங்கள்.

படமும் எடுக்க வேண்டாம், கேட்டால் மட்டும் எடுங்கள். தேத்தண்ணியைச் சீனி இல்லாமல் ஊற்றி, சீனியைத் தனியாக வையுங்கள். அவித்த கச்சான் (நிலக்கடலை) அல்லது கடலை போதும். பல்லில்லாதவருக்கு வாழைப்பழம்.

அன்று வீட்டுக்குப் போகும்போது ஒரு சின்ன வேலையாவது கைவந்திருக்க வேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழுத்தினால் இலவச அம்புலன்ஸ் வரும் என்பதை வைத்துத் தொடங்கலாம். நாலு இலக்கங்கள், எல்லோருக்கும் தேவையானவை, யாருக்கும் கடினமில்லை. உண்மையில் கோல் எடுக்காமல், இலக்கங்களை மட்டும் விரலால் தொட்டுப் பழகட்டும்.

கற்பிக்கும்போது

அறுபதுக்கு மேல் வெள்ளெழுத்து இல்லாதவர் அரிது. வாசிப்புக் கண்ணாடிகள் சில அளவுகளில் வாங்கி வகுப்பிலேயே வைத்திருங்கள். “எனக்குப் படிப்பு ஏறாது” என்று சொன்னவர் அதைப் போட்டதும் எழுத்து தெரிகிறது என்று சிரிப்பதைப் பார்க்கலாம். கண்புரை மாதிரித் தெரிந்தால் ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்கு அனுப்புங்கள். காது மந்தமானவரிடம் கத்த வேண்டாம். வயதோடு முதலில் போவது உயர்ந்த தொனிகள்தான், கத்தும்போது குரல் இன்னும் கூர்மையாகி விளங்காமல் போகும். முகத்துக்கு நேரே நின்று தாழ்ந்த குரலில் ஆறுதலாகப் பேசுங்கள். பார்வைக் குறைவு, கேட்டல் குறைவு, தனிமை ஆகிய மூன்றுமே மறதிநோயின் ஆபத்தைக் கூட்டுபவை என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் வெளியிட்ட பட்டியலும் சொல்கிறது. இதை ஆச்சிக்குச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம், பிரதேச செயலகத்தில் காசு கேட்கும் கடிதத்தில் எழுதுங்கள்.

எழுத்தறிவுக்கு ‘அ’வில் தொடங்க வேண்டியதில்லை. சொந்தப் பெயரில் தொடங்குங்கள், பிறகு பேரப்பிள்ளைகளின் பெயர்கள், ஊர்ப் பெயர், பஸ் போகும் இடங்கள். கண்ணகி அம்மனுக்கு நடக்கும் வைகாசிச் சடங்கில் காவியம் படிக்கக் கேட்டுக் கேட்டு நூற்றுக்கணக்கான வரிகளை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்கள் வாயிலிருந்து வரும் இரண்டு வரியைப் பெரிய எழுத்தில் எழுதி முன்னால் வையுங்கள். சொல் ஏற்கனவே தெரியும், அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாக்கி. “எழுத்தே தெரியாது” என்று சொல்லும் முஸ்லிம் மூத்தம்மா பலர் தினமும் குர்ஆன் ஓதுகிறவர்கள். ஓதத் தெரிந்தவர் வாசிக்கத் தெரியாதவர் அல்ல, இது இடமிருந்து வலம் போகும், அவ்வளவுதான் என்று சொல்லிப் பாருங்கள்.

கையெழுத்துப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம். வங்கிக் கணக்கு கைநாட்டில் திறந்ததாக இருந்தால், அங்கே போய் கையெழுத்து மாதிரியை மாற்றிக் கொடுத்த பிறகுதான் புதிய கையெழுத்தில் பணம் எடுக்கலாம். நாலைந்து பேரை ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த நாள் வகுப்பின் பெருநாள் மாதிரி இருக்கும்.

போன் வகுப்பு

பெரும்பாலும் கைக்கு வந்திருப்பது பிள்ளைகள் பாவித்துக் கழித்த போன். முதலில் எழுத்து அளவைப் பெரிதாக்குங்கள், தேவையில்லாத செயலிகளை முன்திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். மகளோடு பேசும் வாட்ஸ்அப் பக்கத்துக்கு முன்திரையில் ஒரு குறுக்குவழி போட்டுக் கொடுங்கள். மகள் படத்தைத் தொட்டால் மகள், அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும்.

எழுதத் தெரியாதவருக்குக் குரல் பதிவு பெரிய வரம். ஆனால் மைக் படத்தை அழுத்திக்கொண்டே பேசும்போது விரல் நழுவினால் பாதியிலேயே போய்விடும். அழுத்தியபடி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், அப்புறம் கையை எடுத்துவிட்டுப் பேசலாம் என்பதை முதலிலேயே காட்டுங்கள். காய்ந்த விரலுக்குத் திரை சில நேரம் மசியாது, ஈரத்துணியில் ஒருதரம் தொட்டுக்கொண்டால் சரிவரும். நீங்கள் போனை வாங்கிச் செய்துகாட்டாதீர்கள். பேரன் ஏற்கனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான்: பறித்து, டக் டக்கென்று அமத்தி, “இந்தாங்க” என்று கொடுக்கிறான். போன் அவர் கையிலேயே இருக்கட்டும், உங்கள் கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

மோசடி அழைப்புகளைப் பற்றி உரையாற்றுவதைவிட நடித்துப் பழக்குவது நல்லது. ஒரு தொண்டர் அடுத்த அறையிலிருந்து கோல் எடுத்து, “உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, போனுக்கு வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கோ” என்று கேட்கட்டும். வங்கிக்காரர் எவரும் ஓ.டி.பி. என்கிற அந்த இலக்கத்தைக் கேட்கமாட்டார் என்ற விஷயம் அந்தச் சிரிப்போடு மனதில் நிற்கும்.

ஆண்கள்

ஆண்கள் வகுப்புக்கு வரமாட்டார்கள், கூட்டத்துக்கு வருவார்கள். பெயரை மாற்றுங்கள். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், தொலைந்த பிறப்புச் சான்றிதழ் பற்றி காணி உத்தியோகத்தரோ சட்டம் தெரிந்தவரோ வந்து பேசுகிறார் என்றால் வாசிகசாலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாம் எழும்பி வருவார்கள். சூறாவளியிலும் இடம்பெயர்விலும் 2004 சுனாமியிலும் கடுதாசிகளைத் தொலைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம்.

இன்னொரு வழி, அவர்களையே கற்பிக்கக் கூப்பிடுவது. கூத்து அண்ணாவியார், மருதமுனையில் தறி நெய்தவர், நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரி, வள்ளம் கட்டியவர் என்று ஒருவரை அழைத்து இளம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். பெண்களில் பன் பாய் இழைப்பவர்களும் கவி சொல்பவர்களும் இருப்பார்கள். ஒரு கிழமை சொல்லிக்கொடுத்தவர் அடுத்த கிழமை கற்றுக்கொள்ளக் கூச்சப்படமாட்டார்.

வராமல் போனவர்கள், மாரி

ஒருவர் இரண்டு தரம் தொடர்ந்து வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வகுப்பில் பக்கத்தில் இருந்தவரையே அனுப்புவது இன்னும் நல்லது. சுகமில்லையா, மகள் பயணம் வந்திருக்கிறாளா, யாரோ கேலி செய்தார்களா என்பது அப்போதுதான் தெரியும். காரணம் வகுப்பில் இருந்தால் வகுப்பை மாற்றுங்கள்.

நவம்பரில் மாரி இறங்கினால் பாதைகளில் தண்ணீர் நிற்கும். ஜனவரி முதல் மார்ச் வரை பெரும்போக அறுவடை, வீட்டில் ஆளிராது. வைகாசியில் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தம், இடையில் கதிர்காமப் பாதயாத்திரை. இதையெல்லாம் தடங்கல் என்று நினைக்காமல் ஆண்டுத் திட்டத்திலேயே இடைவேளையாகப் போட்டுவிடுங்கள். நிறுத்தும்போதே மீண்டும் தொடங்கும் கிழமையையும், யார் யாரைக் கூட்டிக்கொண்டு வருவது என்பதையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின மாலை அந்தச் சோடிகளுக்குக் குரல் பதிவில் நினைவூட்டுங்கள். கேட்கத் தெரிந்தவர்கள் அதற்குள் பதில் அனுப்பவும் பழகியிருப்பார்கள்.